இடைகழியும் மரக்கட்டையும்

திருக்கோவிலூருக்கு வருகிற யாத்திரிகர்கள் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு, முதலாழ்வார்கள் மூவரும் கூடிய இடைகழியின் கதையை ஒரு முறையாவது கேட்காமல் ஊர் திரும்புவதில்லை. மழை கொட்டுகிற இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் வந்து ஒதுங்கிப் படுக்கிறார். சற்றைக்கெல்லாம் பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாம் என்று இருவரும் உட்காருகிறார்கள். அப்புறம் பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காருகிற இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். அதற்குப் பின்னும் நாலாவதாக யாரோ உள்ளே புகுந்து நெருக்குகிறாற்போல் இருக்கிறது. அந்த நாலாவது ஆள் யார் என்று தேடப் போய்த்தான் மூன்று திருவந்தாதிகள் தமிழுக்குக் கிடைத்தன.

இத்தனை புண்ணியமான கதையைச் சொல்லிவிட்டு நான் பேசப் போவது துப்பாக்கியைப் பற்றி. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். துப்பாக்கிக்குள்ளும் ஓர் இடைகழி இருக்கிறது. அங்கும் ஒருவர் மேல் ஒருவராகப் பத்துப் பேர் நெருங்கிக் கிடக்கிறார்கள். ஆழ்வார்களின் இடைகழியில் நெருக்கம் வந்தபோது பாட்டுப் பிறந்தது. துப்பாக்கியின் இடைகழியில் நெருக்கம் வந்தால், அதை ஏந்தி நிற்கிறவன் செத்துப் போவான். அந்தச் சிறு இடத்தை யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள், மறுபடியும் திறக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதில் நம்முடைய இருநூறு வருஷச் சரித்திரத்தின் ஒரு துண்டு அடங்கியிருக்கிறது. ராஜாக்களின் பட்டாபிஷேகங்களை எழுதுகிற சரித்திர ஆசிரியர்கள் இதை எழுதுவதில்லை. ஆகவே கதை எழுதுகிறவன் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த இடைகழிக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் மாகஸின். அரபு மொழியில் களஞ்சியத்தைக் குறிக்கும் மக்ஸன் என்ற சொல்லிலிருந்து வந்தது. வெடிமருந்துக் கிடங்குக்கும் அதே பெயர். 1731-இல் லண்டனில் ஒருவர், பலவகை விஷயங்களைச் சேர்த்து வைத்த களஞ்சியம் என்ற பொருளில் தம்முடைய பத்திரிகைக்கும் அந்தப் பெயரை வைத்தார். அன்று முதல் என்னைப் போன்றவர்கள் ஒரு மாகஸினை நிரப்பிப் பிழைக்கிறோம்; சிப்பாய் வேறொரு மாகஸினை நிரப்பிப் பிழைக்கிறான். இரண்டிலும் சரக்கு சரியான வரிசையில் ஏறாவிட்டால் சிக்கல்தான். என்னுடைய சிக்கலில் வாசகர் கொட்டாவி விடுவார், அவ்வளவே.

போல்ட் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். கீழே ஒரு வில் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டியின் வாயில் இரண்டு பக்கமும் தகடு உள்ளே வளைந்து உதடு போல் நின்று, தோட்டா துள்ளி வெளியே விழாதபடி பிடித்துக்கொள்ளும். சிப்பாய் கையால் போல்ட்டைப் பின்னே இழுத்து முன்னே தள்ளுகிறான். போல்ட்டின் முகம் மேல் தோட்டாவின் அடியைத் தள்ளுகிறது. தோட்டாவின் மூக்கு ஒரு சரிவில் ஏறிக் குழலின் பின்வாயிலுள்ள அறைக்குள் போய் உட்காருகிறது. சுட்ட பிறகு, போல்ட்டிலுள்ள ஒரு கொக்கி வெறுங்கூட்டைக் கவ்வி வெளியே இழுத்துப் போடுகிறது. பெட்டியைத் துப்பாக்கிக்கு அடியில் இப்படி நிறுத்தி வைக்கும் யோசனையை 1879-இல் பதிவு செய்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டு என்ற பெயர்களின் முற்பாதி அவர்தான். நம் ஊரில் போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் துப்பாக்கி இந்த வம்சம். அதன் குழலின் உள்வாய் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு.

பார்க்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஒரு வம்பு இருக்கிறது. அதை எனக்கு விளக்கியவர் என் தாய்மாமன். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய காலத்து ஆர்மரருக்குத் துப்பாக்கி, வைத்தியனுக்கு நாடி மாதிரி. எழுத்தாளனான மருமகனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கீழையூர்த் தேரடிப் பக்கத்தில் ஓர் இரும்புக் கடைக்கு என்னைக் கூட்டிப் போய், தலை அகன்ற ஆணி இரண்டு வாங்கி, கடைப் பலகைமேல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தார்.

"மாப்பிள்ளை, இந்த மேல் ஆணியின் தலையைக் கீழ் ஆணியின் தலைக்கு முன்னால் வை. இப்போது மேல் ஆணியை முன்னே தள்ளு."

தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இப்போது மேல் ஆணியின் தலையைக் கீழ் ஆணித் தலைக்குப் பின்னால் வைத்துத் தள்ளு."

தள்ளினேன். தலையும் தலையும் மாட்டிக்கொண்டன. இரண்டு ஆணியும் சேர்ந்தே நகர்ந்தன.

"அவ்வளவுதான் சங்கதி. த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. ஆணித் தலை மாதிரி. வரிசை தப்பிப் போட்டால், எதிரி ஓடி வருகிற நேரத்தில் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். எந்தப் புதுப் பையனும் துப்பாக்கி சுடவில்லை என்றால் குழலை எட்டிப் பார்ப்பான். குழலில் என்ன இருக்கிறது? வாய்க்குச் சோறு போகவில்லை என்றால் வயிற்றையா குறை சொல்வது? கையைப் பார், உதட்டைப் பார்."

வாசகர்கள் வீட்டில் ஆணி இருந்தால் தாங்களும் செய்து பார்க்கலாம். இந்த விளிம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வரும்.

திருக்கோவிலூர் ஒரு காலத்தில் மலையமான்களின் ஊர். மலையமான் திருமுடிக்காரியின் வேலைத் துணைக்கு வேண்டி மூவேந்தரும் அவனிடம் ஆள் அனுப்பினார்கள் என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பிறருக்காகப் போர் செய்து அவன் பெற்ற பொருளெல்லாம் பாணர்களுக்கும் புலவர்களுக்கும் போயிற்றாம். அப்படி அவனை அழைத்த எந்த வேந்தனும், 'வருகிறபோது உன் வேலின் முனையை மழுக்கிக்கொண்டு வா' என்று சொன்னதாகத் தெரியவில்லை. அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்தவன் வெள்ளைக்காரன்.

அவனுக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1857-இல் வங்காளச் சிப்பாய்களுக்குப் புதிய என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது. அதன் தோட்டா காகிதத்தில் சுற்றிக் கொழுப்புத் தடவியது. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். துப்பாக்கியின் வாய்க்குப் போகிற தோட்டா முதலில் சிப்பாயின் வாய்க்குப் போக வேண்டியிருந்தது. கொழுப்பு மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு அவ்வருஷம் ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பிற்று. மார்ச் 29-ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை எடுத்தான். மே மாதம் மீரத்தில் பற்றிக்கொண்டது. கலகத்துக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் அதற்குத் திரியாக அமைந்தது தோட்டாவை ஊட்டும் முறைதான்.

கலகம் அடங்கியது. அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி தயாரானது. வெளிப் பார்வைக்கு அதே என்ஃபீல்டு. ஆனால் குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்பும் புரிகள் இல்லை. வழுவழுப்பான வெறுங்குழல். தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் குறிமானியும் இல்லை. கலகத்தில் சேராத சென்னைப் படைக்கும் இதே மரியாதைதான். அதன் பிறகு அது ஒரு கொள்கையாகவே ஆயிற்று. வெள்ளைச் சிப்பாய்க்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது அவன் கழித்துப் போட்ட ஸ்னைடர் இந்தியச் சிப்பாய்க்கு வந்தது. வெள்ளையனுக்கு மாகஸினோடு கூடிய லீ-மெட்ஃபோர்டு வந்தபோது இந்தியனுக்கு மார்ட்டினி வந்தது. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். பெரிய வீட்டில் மூத்த பிள்ளையின் பழைய சட்டையை இளைய பிள்ளைக்குப் போடுவார்கள். அங்கே சிக்கனம் காரணம். இங்கே காரணம் பயம்.

இந்தப் பயத்துக்கு என்ன விலை என்பது 1914-இல் தெரிந்தது. அவ்வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்ஸின் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. ஜெர்மானியரின் எதிரே நிற்கப் போகிறவர்கள் பழைய துப்பாக்கியோடு நிற்க முடியாது என்று, அங்கேயே அவற்றை வாங்கிக்கொண்டு புதிய துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். பழகிய ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் பழகாத ஆயுதத்தோடு அவர்கள் பதுங்கு குழிக்குப் போனார்கள். தன் ராஜ்யத்துக்காகச் சாகப் போகிறவனை அதுவரை நம்பாத சர்க்கார், அவன் சாகிற இடத்துக்கு வந்த பிறகுதான் நம்பியது.

ஜனங்களின் கதை இதைவிட மோசம். தெற்கே பாளையக்காரர் போர் முடிந்த 1801-இலேயே ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்துக் கவர்னர் கிளைவின் பிரகடனம் வெளிவந்தது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் தேசம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது; ஐரோப்பியருக்கு விலக்கு. அகிம்சையையே மூச்சாகக் கொண்ட காந்தியடிகள்கூட, 1918-இல் படைக்கு ஆள் சேர்க்கப் போனபோது, ஒரு ஜாதியாரையே ஆயுதமற்றவர்களாக்கிய இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுப்பான காரியங்களில் ஒன்றாக எண்ணிப் பேசினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆயுதத்தை வேண்டாம் என்று துறப்பது வேறு, ஆயுதத்துக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கப்படுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனாலும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. கஜானாவுக்கும் ஜெயிலுக்கும் காவல் வேண்டும். காவல்காரனும் இந்தியன்தான். அவன் கையில் ஒரு துப்பாக்கி இருந்தாக வேண்டும். கூட்டம் பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டாலோ, காவல்காரனே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாலோ என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரன் கண்ட பதில் 'ஃபோர் டென் மஸ்கட்'.

த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை எடுத்தார்கள். அதன் குழலைப் புரி போகும்படி அகலமாகக் குடைந்து, .410 அங்குல வழுக்குக் குழலாக ஆக்கினார்கள். தோட்டாவும் த்ரீ நாட் த்ரீயின் தோட்டாக் கூடுதான். கழுத்து ஒடுங்காமல் நேராக விடப்பட்டது. அதற்குள் ஓர் உருண்டைக் குண்டோ, சில்லறை ரவைகளோ வைத்தார்கள். கடையில் விற்கும் சாதாரண ஃபோர் டென் வேட்டைத் தோட்டா அந்த அறைக்குள் போகாது. ஆகவே துப்பாக்கியைப் பிடுங்கினவனுக்குச் சர்க்கார் கொடுத்தால் ஒழியத் தோட்டா கிடையாது. கடைசியாக, எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல், மாகஸின் இருந்த பள்ளத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டார்கள். பத்துத் தோட்டா கிடந்த இடைகழியில் இப்போது ஒருவருக்கும் இடமில்லை. ஒரு தோட்டாவைக் கையால் மரக்கட்டைமேல் வைத்து, போல்ட்டைத் தள்ளி, சுட்டு, வெறுங்கூட்டை எடுத்துவிட்டு, மறுபடியும் பையில் துழாவ வேண்டும்.

துப்பாக்கி சரியாகத் தோட்டாவை ஊட்டாவிட்டால் அதைப் பழுது என்போம். இங்கே பழுதே திட்டம்.

இந்த மஸ்கட்டைத் தோளில் சுமந்து நின்ற ஒரு பெரியவரைத் திருக்கோவிலூரில் எனக்குத் தெரியும். ஏட்டாக ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். இளமையில் தாலுகாக் கச்சேரிக் கஜானாவில் பல இரவுகள் காவல் நின்றவர். நான் கேட்டதும் சிரித்தார்.

"மஸ்கட்டா? அதை ஏன் தம்பி ஞாபகப்படுத்துற? தோட்டாவை எண்ணிக் கொடுப்பாங்க. டூட்டி முடிஞ்சதும் எண்ணி வாங்கிப்பாங்க. ஒண்ணு குறைஞ்சா உத்தியோகம் போச்சு. ராத்திரி பாரா நிக்கும்போது துப்பாக்கி தொலையுமோன்னு கவலைப்பட்டதில்லை, பையில தோட்டா இருக்கான்னு தடவித் தடவிப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"சுட வேண்டி வந்ததா ஐயா?"

"இல்லை, ஆண்டவன் காப்பாத்தினான். ஒருநாள் மட்டும் பெரிய கூட்டம் வாசல் வரைக்கும் வந்திடுச்சு. என்கிட்ட இருந்தது ஒரே சூடு. ரெண்டாவது தோட்டா எடுக்கணும்னா குனிஞ்சு பையைப் பார்க்கணும். குனிஞ்சவன் நிமிருறதுக்குள்ள ஆள் மேல ஆள் விழுந்திடும். அதனால என்ன செஞ்சேன்? துப்பாக்கியைக் கீழே சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, 'ஐயா, பெரியவங்களே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க'ன்னு கும்பிட்டேன். போயிட்டாங்க."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "ஒருநாள் அந்த மரக்கட்டையை ஆணியால நெம்பிப் பார்த்தேன், தம்பி. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிற ஆசை. ஒண்ணுமில்லை. வெறும் பள்ளம். பத்துத் தோட்டா இருக்கிற அளவுக்குப் பள்ளம். அதைப் பார்த்ததும் எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்மை நம்பாம அடைச்சு வச்சிருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சது."

அவர் வேலையில் சேர்ந்தது சுதந்திரம் வந்து ஏறக்குறைய இருபது வருஷங்களுக்குப் பிறகு. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் இருபது வருஷமாகியும் மரக்கட்டை போகவில்லை! ஒருவேளை அந்தக் கட்டையால் அன்று கூட்டத்தில் இரண்டொருவர் உயிர் பிழைத்தார்கள் என்றும் சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பிழைக்க வைத்தது மரக்கட்டை அல்ல, அந்த மனிதரின் கும்பிடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாகஸின் முழுவதும் தோட்டா இருந்திருந்தாலும் அவர் கும்பிட்டுத்தான் இருப்பார்.

மஸ்கட் ஒரு புறம் இருக்க, வேட்டைக்காரர்களிடமும் சர்க்காருக்கு இதே சந்தேகம். எல்லைப்புறத்தில் மார்ட்டினி துப்பாக்கி கள்ளத்தனமாக நடமாடியது. அதற்கு ஏற்ற .450 குண்டு வேட்டைத் தோட்டாவிலிருந்து கிடைத்துவிடும் என்று பயந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவையே இந்தியாவில் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை; .465, .470 என்று அளவைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் புதுத் துப்பாக்கி செய்து விற்றன. அதே போல் ராணுவத் தோட்டாவான த்ரீ நாட் த்ரீ பொதுஜனங்களுக்கு விலக்கு என்றதும், லீ-என்ஃபீல்டின் உடம்பில் ஆஸ்திரியாக்காரனின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான குழலைப் பொருத்தினார்கள். அதுதான் .315. சுதந்திரத்துக்குப் பின் நம்முடைய இச்சாப்பூர் தொழிற்சாலையும் அந்த .315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்து லைசென்ஸ்தாரர்களுக்கு விற்றது. 1878-ஆம் வருஷச் சட்டம் போய், 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் முதல் தேதி அமலாயிற்று. வெள்ளையன், கறுப்பன் என்ற பேதம் போனது. ராணுவ அளவு ஜனங்களுக்குக் கூடாது என்ற விதி நின்றது.

அந்த அக்டோபரை மறக்க முடியுமா? சட்டம் அமலாகி இருபதே நாளில், 20-ஆம் தேதி, சீனப் படை இமயத்தில் இறங்கியது. நம் ஜவான்கள் கையில் இருந்தது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய த்ரீ நாட் த்ரீ. எதிரே வந்தவர்களிடம் இருந்ததோ தானாகவே அடுத்த தோட்டாவை ஊட்டிக்கொள்ளும் துப்பாக்கிகள். அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு: குளிர், பாதையில்லாமை, டில்லியின் மெத்தனம். ஆயினும் மலைச் சரிவில் நின்ற ஜவானுக்குத் தன் கையில் இருந்த ஆயுதம் எந்த வருஷத்தியது என்பது தெரிந்துதான் இருந்தது.

அதன் பிறகு நம் படைக்கு 7.62 மில்லிமீட்டர் தோட்டா போடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் இச்சாப்பூரில் தயாராயின. ஆனால் இத்தனை லட்சம் பேருக்கு ஒரே நாளில் செய்ய முடியுமா? ஒரு படையில் இரண்டு வகைத் தோட்டா இருந்தால், சண்டை நடக்கிற இடத்துக்குத் தப்பான பெட்டி போய்ச் சேரும். ஆகவே பழகிய பழைய போல்ட் துப்பாக்கியையே புதுத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்வது என்று முடிவாயிற்று. இச்சாப்பூர் எங்கே இருக்கிறது தெரியுமா? மங்கள் பாண்டே நின்ற பாரக்பூரிலிருந்து சில மைல் தொலைவில். அங்கே 1787 முதலே கும்பெனியின் வெடிமருந்துச் சாலை. 1904 முதல் துப்பாக்கிச் சாலை. த்ரீ நாட் த்ரீயைக் குடைந்து மஸ்கட்டாக்கியதும் இதே ஆலை. மரக்கட்டையைச் செருகிய பட்டறைக்கே அந்த இடைகழியைச் சீராக்கும் வேலை வந்து சேர்ந்தது.

குழலை மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கேதான் என் மாமாவின் ஆணித்தலை மறுபடியும் வருகிறது. பழைய தோட்டாவின் அடி விளிம்பு 13.7 மில்லிமீட்டர் அகலம். உடம்பைவிட நன்றாகத் துருத்தி நிற்கும். அறைக்குள் தோட்டா அளவுக்கு மேல் போகாமல் நிறுத்துவது அந்த விளிம்புதான். கொக்கி கவ்வுவதும் அதையே. புதிய தோட்டாவின் அடி 12 மில்லிமீட்டர். உடம்போடு உடம்பாக இருக்கும். கொக்கி மாட்டுவதற்கு ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும். அதை அறையில் நிறுத்துவது அதன் தோள். நீளமும் குறைவு. முன்னது 78 மில்லிமீட்டர், பின்னது 71. வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் நீளப் பெட்டியில் குட்டைத் தோட்டாவைப் போட்டால் முன்னும் பின்னும் வழுக்கும், மூக்கு தாழும், சரிவில் ஏறாமல் முட்டி நிற்கும். பழைய கொக்கி புதிய பள்ளத்தைச் சரியாகக் கவ்வாது; சுட்ட கூடு உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே மாகஸினையே புதிதாகச் செய்தார்கள். பழையது முன்பக்கம் சரிந்து இருக்கும். புதியது சதுரமாக, ஒரு சிறு டப்பா மாதிரி. கொக்கியை மாற்றி அமைத்தார்கள். புதிய தோட்டாவின் வேகம் அதிகம், உள்ளே அழுத்தம் அதிகம். பழைய எஃகு தாங்குமா என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், பழைய வடிவத்திலேயே உடம்பைப் பலமான எஃகில் வார்த்தார்கள். இப்படி வந்தது 2ஏ. பிறகு 2ஏ1. முன்னதில் 2000 வரை குறித்திருந்த குறிமானியைப் பின்னதில் 800 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாயிரத்துக்குக் குறி வைப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பகட்டு. மனிதன் கண்ணுக்கு எண்ணூறே ஜாஸ்தி.

"பார்க்கிறதுக்குப் பழைய துப்பாக்கிதான்" என்றார் மாமா. "ஆனால் கையில் எடுத்துப் போல்ட்டைத் தள்ளினால் தெரியும். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். விளிம்பு இல்லையே, மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? வரிசை பார்த்து அடுக்க வேண்டாம். எந்தப் பையன் எப்படிப் போட்டாலும் ஏறும்."

தோட்டாவுக்கும் தோட்டாவுக்கும் இடையே முன் பின் என்ற தகராறு போயிற்று. ஆகவே ஊட்டம் சுகமாயிற்று. இதை நான் சமூக சாஸ்திரமாக நீட்டப் போவதில்லை. வாசகர்களே நீட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நம் தேசத்தில் ஓர் ஆயுதம் ஒரு முறை வந்துவிட்டால் லேசில் போகாது. ராணுவம் விட்டதைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்தான். மூத்த பிள்ளை சட்டை இளைய பிள்ளைக்கு. 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு மும்பையின் பெரிய ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு புகுந்த இருவர் எதிரே நின்ற காவலர்கள் சிலரிடம் இருந்தவை பழைய போல்ட் துப்பாக்கிகள். பலரிடம் அதுவும் இல்லை, லத்திதான். உத்தரப் பிரதேசப் போலீஸார் த்ரீ நாட் த்ரீக்கு அணிவகுப்பில் வைத்து மரியாதையோடு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தன்று. 1962-இல் பழசு என்று தெரிந்துபோன துப்பாக்கிக்கு அதன் பிறகும் ஐம்பத்தெட்டு வருஷ ஆயுள்!

திருக்கோவிலூரிலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போனால் கல்வராயன் மலை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை. தேசம் 1947-இல் சுதந்திரம் அடைந்தது. அந்த மலையில் ஜாகீர் முறை ஒழிந்தது 1976-இல். இருபத்தொன்பது வருஷம் நடுவில். சமவெளியில் குழலை மாற்றினார்கள், மலையில் மரக்கட்டை அப்படியே இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மலைகளில் காட்டுப்பன்றியிடமிருந்து தினையையும் கிழங்கையும் காக்க, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸார் அவ்வப்போது தண்டோரா போடுகிறார்கள். சட்டப்படி அது சரியே; அந்தத் துப்பாக்கிகளால் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். ஆனால் பன்றி மேய்ந்த கொல்லைக்கு யார் வந்து நிற்பார்கள் என்ற மலைக்காரனின் கேள்விக்குத் தண்டோராவில் பதில் இல்லை.

எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பவன் அல்ல நான். என் வீட்டில் கொசு அடிக்கும் மட்டையைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு. ஓர் ஆட்சி தன் குடிகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் பிரகடனங்களில் தேட வேண்டியதில்லை. தன் காவல்காரன் கையில் அது என்ன கொடுக்கிறது, கொடுத்ததில் எதை அடைத்துக் கொடுக்கிறது என்று பார்த்தால் போதும். 1857-க்குப் பிறகு புரி இல்லாத குழலில் எழுதியிருந்ததும், கஜானாத் துப்பாக்கியின் மரக்கட்டையில் எழுதியிருந்ததும் ஒரே வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்தை அழிப்பதற்குக் குழலை மாற்றினால் போதாது என்பதை இச்சாப்பூர்த் தொழிலாளிகள் தெரிந்துகொண்டார்கள். பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது, கொக்கியை மாற்ற வேண்டியிருந்தது, எஃகையே மாற்ற வேண்டியிருந்தது. வெளியே பார்க்கிறவனுக்குப் பழைய துப்பாக்கி. உள்ளே ஒவ்வொன்றாக எல்லாம் புதிது. துப்பாக்கிக்கு அதைச் செய்து முடிக்கச் சில வருஷங்கள் போதுமாக இருந்தன. கச்சேரிகளிலும் சட்டப் புத்தகங்களிலும் நம் மனத்திலும் வெள்ளைக்காரன் செருகிவிட்டுப் போன மரக்கட்டைகள் இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது, ஆர்மரர் செய்கிற வேலை அல்ல. நாம் செய்ய வேண்டியது.